எருமை போன வழி

சுசீந்திரத்திலிருந்து வயலோரமாகக் கிழக்கே வந்தால் எங்கள் ஊர். வயலுக்குப் போகும் சாலையில் சென்ற ஆவணியில் ஒரு பள்ளம் விழுந்தது. இவ்வளவும் உண்மை. இனி எழுதப்போவதில் எது உண்மை என்று எனக்கே பிடி கிடைக்கவில்லை.

ஸ்கூட்டர் ஓரமாகப் போய்விடும். அறுப்பு மெஷின் போகாது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணமணி பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிட்ட முதல் போகக் கன்னிப்பூ நெல் பழுத்து நின்றது. ஆளை வைத்து அறுக்கலாம் என்றால் ஊரில் அரிவாள் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். எனக்குக் குனிய முடியாது. மழைக்கு முன்னால் மெஷின் உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் கிருஷ்ணமணியின் ஒரு பூ விளைச்சலும் போயிற்று.

மனுக் கொடுக்கும் வேலையை அனில்குமார் ஏற்றுக்கொண்டான். மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்தவன். வந்ததும் பொதுநல வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினான். அந்தக் குழுவில் பள்ளத்தைப் பற்றி எங்களைவிட அதிகக் கோபத்தில் இருப்பவர்கள் துபாயில் இருக்கிறார்கள்.

டீக்கடை பெஞ்சில் போனை வைத்து, "மாமா, சும்மா பேசுங்க. இது கேட்டு மனுவா எழுதிரும்" என்றான்.

"என்ன பேச, மக்கா?"

"பள்ளத்துல சனம் படுக பாட்ட. கொஞ்சம் மனசுல தைக்குத மாதிரி."

தைக்கிற மாதிரிதான் பேசினேன். கிருஷ்ணமணியின் எருமை அதில் விழுந்தது, நான் வாலைப் பிடித்தேன், கையோடு வந்தது வால் மயிர்தான், மறுநாள் எருமை மேற்கே தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் சாளை மீன் வலையில் ஏறியது, அன்றிலிருந்து அதன் பாலில் எடுக்கும் மோருக்கு என் மனைவி உலகம்மை உப்புப் போடுவதில்லை என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். போன் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அது எழுதிய மனுவை அனில் வாசித்துக் காட்டினான். என் எருமை குளித்து விபூதி பூசிக்கொண்டு நின்றது. 'மேற்படி பள்ளமானது, மேற்குக் கடற்கரை வரை செல்லும் தொன்மையான சுரங்கப்பாதையின் வாயிலாக இருக்கக்கூடும் என ஊர்ப் பெரியவர் திரு. தாணப்பன் நேரில் கண்டு தெரிவிக்கிறார்.' தாணப்பன் நான்தான்.

"ஏலே அனிலு, பள்ளத்த மூடச் சொல்லியிருக்கா?"

"கடைசியில இருக்கு மாமா. முதல்ல அவனுவ மனுவ வாசிக்கணும்லா?"

வாசித்தார்கள். சாலைபோடும் ஆட்களுக்குப் பதிலாக, பழம்பொருள் பார்க்கும் ஏதோ ஒரு துறையிலிருந்து மகேஷ்குமார் என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். வயரின் நுனியில் கேமரா கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார். வயர் தீர்ந்தது. "உள்ள போயிட்டே இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சாலைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டினார். ஆய்வு முடியும்வரை கல்லோ மண்ணோ போடக்கூடாதாம்.

அன்று மருத்துவாமலைக்கு மேல் மேகம் கறுத்தது. கிருஷ்ணமணி என் வீட்டு நடையில் வந்து நின்றான்.

"மாமா, எனக்க நெல்லு தல சாஞ்சு கெடக்கு. ஒரு மழ விழுந்தா கதிருலயே மொளச்சிரும். நீரு எருமய சொரங்கத்துல விட்டு வெளயாடுதீரு! எனக்கு எருமயே கெடையாதுவே!"

"அது ஊருக்கே தெரியுமே, மக்கா."

"ஊருக்குத் தெரியும். ஜீப்புக்குத் தெரியுமா?"

உள்ளேயிருந்து உலகம்மை, "ஆள விடமாட்டீங்க. போனையாவது விட்டீங்களா?" என்றாள்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். விவரம் தெரிந்த நாள்முதல் பொய் சொல்லிவருகிறேன், ஒருத்தரும் நம்பியதில்லை. நம்பாமல் உட்கார்ந்து கேட்பதுதான் எனக்குச் செய்யும் மரியாதை. நம்பாத ஆளிடம்தான் மேலே மேலே கட்டமுடியும். நம்பிவிட்டால் அதோடு கதை முடிந்தது, விசாரணை தொடங்கியது. அந்தப் போனுக்கு இது தெரியவில்லையா, அல்லது என்னைவிடப் பெரிய கைகாரனா?

மகேஷ்குமாரிடம் போய், "சார், நான் சொன்னது முழுப் பொய்" என்றேன்.

அவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "பாட்டா, யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல சார். எரும கெடையாது. சொரங்கம் கெடையாது."

அவர் தன் போனில் கேட்டுப் பார்த்தார். இங்கே சுரங்கம் உண்டா என்றதற்கு, 'நேரில் கண்ட பெரியவர் ஒருவரின் சாட்சியம் உள்ளது' என்றது அது.

"அந்தப் பெரியவரு நான்தான் சார்."

"அதான் பாட்டா. நீங்களே சொல்லியிருக்கீங்களே!"

திரும்பி வரும்போது தூறல் விழுந்தது. மெஷின் நாடாவுக்கு வெளியே நின்றது. அன்று மாலை வேறு ஊருக்குப் போய்விடும் என்றான் டிரைவர். கிருஷ்ணமணி வரப்பில் உட்கார்ந்து நெற்கதிரை உருவி உருவி உள்ளங்கையில் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் மறுபடி ஜீப்புக்குப் போனேன். "சார், மிரட்டத்தான் செய்தாவ. அந்தப் பக்கத்து வாசல் தேங்காய்ப்பட்டணத்துல இருக்கு. இன்னைக்கு அத மூடப் போறாவ."

அதுவரை நான் சொன்னதெல்லாம் கதை. இது பொய். நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்ன முதல் பொய், வாய் கசந்தது. ஜீப் மேற்கே பறந்தது.

பள்ளத்துக்குப் பாலம் போடத் தடி வேணும் என்று அனில் குழுவில் ஒரு வரி போட்டான். துபாயிலிருந்து கைதட்டல் படங்கள் வந்தன. ஊரிலிருந்து தென்னந்தடிகள் வந்தன. எவர் தோப்பில் விழுந்து கிடந்ததோ அதையெல்லாம் உருட்டி வந்து பள்ளத்துக்குக் குறுக்கே நெருக்கி அடுக்கினோம். மண் போடவில்லை, கல் போடவில்லை; சட்டப்படிதான் செய்தோம். நாடாவைக் கம்பால் தூக்கிப் பிடித்தாள் உலகம்மை.

"இத முதல் நாளே செய்திருக்கலாமே?" என்றாள்.

"அப்பம் மனு ஒண்ணு போயிருந்துல்லா" என்றான் அனில்.

மெஷின் தடிகள்மேல் ஏறியது. நடுவில் தடிகள் முனகின. அந்நேரம் பார்த்து என் போன் அடித்தது. மகேஷ்குமார்.

"பாட்டா! இருக்கு! துறைமுகத்துக்குப் பக்கத்துல பாறைக்கு அடியில ஒரு துவாரம். குளிர்ந்த காத்து வருது. இங்க ஒருத்தர் அவங்க அப்பா காலத்துலயே எருமை வந்ததா சொல்றார்!"

 அந்த ஆளும் என்னைப்போல ஒருத்தனா? நான் சொன்ன பொய் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்ததா? போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

"மாமா, மாறி நில்லும்!" என்று கிருஷ்ணமணி கத்தினான். மெஷின் என்னைத் தாண்டி வயலுக்குள் இறங்கி முதல் சுற்று அறுத்தது. நெல் டிரெய்லரில் கொட்டும் சத்தம் கேட்டதும்தான் அவன் முகம் தெளிந்தது. கைநிறைய அள்ளி முகர்ந்துவிட்டு என்னிடம் வந்தான்.

"யாருவே போன்ல?"

"அதிகாரி. தேங்காய்ப்பட்டணத்துல வாசல் இருக்காம். எரும வந்தது வாஸ்தவமாம்."

 கிருஷ்ணமணி விழுந்து விழுந்து சிரித்தான். "போம் மாமா! உமக்குப் பொய் சொல்ல நேரங்காலமே கெடையாதா?"

சத்தியம் செய்தேன். அவன் இன்னும் அதிகமாகச் சிரித்தான். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள்.