ரொட்டிக்காரரின் இதயத்துடிப்பு

ஊருக்கே ரொட்டி சுட்டுப் போடுகிற மனிதர், இனி ரொட்டியைத் தொட மாட்டேன் என்று சபதம் எடுத்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? வாடிக்கையாளர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். "கடைக்காரரே சாப்பிடாத ரொட்டிய நாங்க எப்படிங்க நம்பி வாங்குறது?" என்று கல்லாவில் இருந்த அவர் மனைவியைச் சீண்டினார்கள். அவளும் சளைக்காமல், "அவர் பங்கையும் சேர்த்து வாங்கிட்டுப் போங்க" என்பாள்.

எடை கூடி முழங்கால் படுத்தியதில், ரொட்டிக்காரர் கீட்டோ உணவுமுறைக்கு மாறி மூன்று வாரம் ஆகியிருந்தது. மாவு, சர்க்கரை, கிழங்கு எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டுவிட்டு முட்டை, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று நாளை ஓட்டினார். முதல் ஈடு ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கியதும் பூங்காவை மூன்று சுற்று ஓடிவிட்டு வருவது மட்டும் பழையபடி நடந்தது.

சிக்கல் அங்கேதான் முளைத்தது. அதே பூங்கா, அதே மூன்று சுற்று, அதே ஆமை வேகம். ஆனால் வழக்கமாக நூற்று நாற்பத்தைந்தில் நிற்கும் இதயத்துடிப்பு நூற்று அறுபத்தெட்டு என்று காட்டியது கைக்கடிகாரம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இதயம் கையை விரித்துவிட்டது என்றே முடிவு கட்டினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஓட்டத்தை நிறுத்திவிடுவாள் என்பது ஒரு பயம். அவள் முகம் வாடிப்போகுமே என்பது அதைவிடப் பெரிய பயம். இருபத்தாறு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவர் மாவு பிசைகிறார்.

ஒன்றை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டார். தன் கைபேசி அரதப் பழசு என்பதால், கடிகாரத்தை வாங்கிய அன்றே அதை மனைவியின் கைபேசியோடு இணைத்தவர் அவரேதான். இந்த மனிதரின் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

நான்காம் நாள் வியர்க்க விறுவிறுக்க வந்தவரை அவள் கடை வாசலிலேயே மறித்தாள்.

"கிளம்புங்க. டாக்டர்கிட்ட போறோம்."

"எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நூத்தி அறுபத்தெட்டு. நேத்தும் அதேதான். எங்கிட்டயே மறைக்கிறீங்களா?"

அவருக்கு அசடு வழிந்தது. சூடான ரொட்டிகளை உள்ளே வைத்தே கடையைப் பூட்டினாள் அவள்.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்கக் கூப்பிட்டபோது கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு இருவரையும் உட்கார வைத்தார். "இதயம் நல்லா இருக்கு. மாவுச்சத்த விட்ட புதுசுல உடம்புல தண்ணியும் உப்பும் குறையும். கொழுப்ப எரிச்சு ஓடவும் உடம்பு பழகணும். அதுவரைக்கும் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடுறது உண்டு. தண்ணி நல்லா குடிங்க, உப்பு எவ்வளவுன்னு எழுதித் தரேன். கொஞ்ச நாள் மெதுவா ஓடுங்க."

"இதுக்கு மேல மெதுவா ஓடினா அதுக்குப் பேரு நடை, டாக்டர்" என்றாள் மனைவி. பூங்காவுக்கு ஒருநாள் ஒளிந்து வந்து பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவள் கைபேசியை வாங்கி, கடிகாரம் பதிந்திருந்த துடிப்புக் கணக்குகளைப் புரட்டினார். சட்டென்று நெற்றி சுருங்கியது.

"இது என்ன? கால்மணி நேரம் முன்னாடி நூத்தி முப்பத்தி நாலு? நீங்க அப்ப உள்ள படுத்திருந்தீங்களே. என் மிஷின்ல எழுபத்திரண்டுதானே காட்டிச்சு?"

ரொட்டிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் மணிக்கட்டைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. பிறகு பக்கத்தில் திரும்பினார்.

கடிகாரம் மனைவியின் கையில் இருந்தது.

"எங்கயாவது விழுந்துடும்னு கட்டிக்கிட்டேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

அவள் கீட்டோவில் இல்லை. காலையில் இரண்டு பன் சாப்பிட்டவள். எங்கேயும் ஓடவும் இல்லை. அந்தக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

டாக்டரம்மா உப்புச் சீட்டை எழுதத் தொடங்கினார். ரொட்டிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடிகாரத்தில் எண் நூற்றுப் பத்து, தொண்ணூற்றெட்டு என்று இறங்கியது. எண்பதுக்கு வரும்வரை அவர் கையை விடவில்லை.