ரெண்டாவது இருமல்

கனிஷ்கா போய்ச் சேர்ந்த பிறகும் அவளுடைய இருமல் ஆராய்ச்சி நிலையத்திலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை அதைப் பார்க்க விடுவார்கள். அவள் அம்மா கோகிலவாணி செவ்வாய் தவறாமல் போய்விட்டு வருவாள். அட, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? பிள்ளையை ஹாஸ்டலில் விட்டவர்கள் போய்ப் பார்ப்பதில்லையா?

போகும்போது ஃப்ளாஸ்க்கில் துளசித் தண்ணீர் கொண்டுபோவாள். இருமலுக்குக் குடிக்க வாய் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

நிலையம் பவானி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடம். அங்கே வேலை ஒன்றுதான். சின்ன வயதில் அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிக்கிற பிள்ளைகளுக்குப் பல் கெட்டுப்போகுமா போகாதா என்று பார்ப்பது. பிறந்த கையோடு குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். கடைசிப் பால்பல் விழுகிற வரைக்கும் விடமாட்டார்கள். நடுவில் பிள்ளை செத்துப்போனால்? அதற்கும் விதி இருந்தது. பிள்ளையை வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். இருமலை வைத்துக்கொள்வார்கள்.

"ஆராய்ச்சிய பாதியில விட முடியாதுல்லக்கா" என்று நிலையத்து நர்ஸ் சிஸ்டர் பிலோமினா கனிஷ்கா செத்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். நல்ல பெண். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

இருமலை அகலவாய்க் கண்ணாடி பாட்டில் ஒன்றில் வைத்திருந்தார்கள். நீல மூடி. முயல் படம் போட்ட திரைச்சீலை தொங்கும் ஒரு சின்ன அறை. பாட்டிலுக்குக் கீழே ஒரு ஸ்டீல் தட்டு.

இருமலுக்கு வயது ஏறியது. பல் விழுகிற வயது வந்ததும் பல் விழுந்தது. எங்கிருந்து விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. தட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். சிஸ்டர் பிலோமினா வந்து பொறுக்கி, துடைத்து, டப்பியில் போட்டு மூடுவாள். எல்லாம் முத்து முத்தான பற்கள். கோகிலவாணிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மற்றதெல்லாம் விழுந்துவிட்டது. கணக்கில் வராதது ஒரே ஒரு பல். கனிஷ்கா உயிரோடு இருக்கும்போது வீட்டில் விழுந்த முதல் பல்.

விழுகிற பல்லைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கோகிலவாணியும் சரிங்க சரிங்க என்று தலையாட்டியிருந்தாள். ஆனால் பிள்ளைக்கு முதல் பல் விழுந்த அன்றைக்கு ஆராய்ச்சி யாருக்கு ஞாபகம் வரும்? பக்கத்து வீட்டுக் கட்டுத்தரையிலிருந்து ஒரு உருண்டை சாணி எடுத்து வந்தாள். பல்லை அதற்குள் வைத்து உருட்டி மகள் கையில் கொடுத்தாள். ஓட்டின் மேல் வீசினால்தான் புதுப்பல் முளைக்கும். கனிஷ்கா எம்பி வீசினாள். கையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. வந்த இருமல் நிற்கவில்லை.

புதுப்பல் முளைக்கவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கனிஷ்காவின் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார்கள். பேச முடியாது. அம்மாவும் மகளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு தடவை இருமினால் ஆமாம். ரெண்டு தடவை இருமினால் இல்லை. ஆனால் முதல் இருமலுக்குப் பிறகு ரெண்டாவதுக்கு மூச்சு இழுக்க அவளுக்கு நேரமாகும். அது வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அவள் அப்பா வெள்ளிங்கிரிக்குத்தான் அந்தப் பொறுமை கிடையாது. "தண்ணி வேணுமா கண்ணு?" என்பான். ஒரு இருமல் வரும். டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடுவான். அதற்குள் ரெண்டாவது வந்துவிடும். "அட கெரகமே" என்று திரும்புவான். கனிஷ்கா கண்ணால் சிரிப்பாள்.

"சித்தெ பொறுங்க, அவ இன்னும் முடிக்கல" என்று கோகிலவாணி அவனை அதட்டுவாள்.

பாட்டிலில் இருந்த இருமலும் அந்த ஏற்பாட்டை மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். "பக்கத்தூட்டு நாய் குட்டி போட்டிருக்குது. ஒன்னு கொண்டாரட்டுமா?" ஒரு இருமல். "அப்பா வாரதில்லைன்னு கோவமா?" ஒரு இருமல். பொறுத்திருப்பாள். ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று வரும். அவளுக்கு அழுகை முட்டும். துளசித் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு எழுந்து வருவாள்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவள் கேட்டதில்லை. அதை வெள்ளிங்கிரி வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவனுக்கு விசைத்தறி ஓட்டுகிற வேலை. தறிச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. அதற்காகவே ரெண்டு ஷிப்ட் பார்த்தான். நிலையத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தான். வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டான்.

"புள்ள இருமிக்கிட்டே கெடக்குதே கோகிலா. அதுக்கு வலிக்காதா?"

"வலிக்காது."

"கேட்டியா?"

"அவ எம்புள்ள. எனக்குத் தெரியாதா?"

அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நிலையத்துப் பெரிய டாக்டரும் வாரா வாரம் விசாரித்தார். "அந்த ஒரு பல்லு வந்துட்டா ஆராய்ச்சிய முடிச்சிருவோமுங்க."

"முடிச்சா?"

"இருமல் நின்னுருமுங்க."

"அணில் தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றாள் கோகிலவாணி.

பச்சைப் பொய். பல் ஓட்டின் மேலேயேதான் இருந்தது. மழை பெய்து சாணி கரைந்துபோனதும் நன்றாகத் தெரிந்தது. இருந்த இடத்தில் வேர் விட்டு ஓட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. காற்றடித்தால் லேசாக ஆடும். கோகிலவாணி காலையில் வாசல் தெளிக்கும்போது நிமிர்ந்து பார்த்து, இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்வாள். அது அங்கே இருக்கிற வரைக்கும் மகள் இருமுவாள். இருமுகிற வரைக்கும் மகள் இருக்கிறாள்.

டாக்டர் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு அவர் பாடு. கனிஷ்காவைச் சேர்த்தபோது நரைத்த மீசையோடு இருந்தார். பிறகு மீசை கறுத்தது, அப்புறம் போயே போய்விட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, இப்போது கோட்டு தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. வாயில் பால்பல். முன்பல் ஒன்று ஆடியது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய மனிதரிடம் எப்படிக் கேட்பது?

சங்கடம் வராந்தாவால்தான் வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் வராந்தா கொஞ்சம் நீண்டது. முதலில் செருப்பைக் கழற்றியதும் அறை வந்துவிடும். இப்போது நடுவழியில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டுப் போகவேண்டியிருந்தது.

உட்காருவதற்கு அங்கே பொன்னுசாமி அண்ணன் இருந்தார். அவர் பையனின் தும்மல் பக்கத்து அறையில் இருந்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்து காத்திருந்து அவர் பெஞ்சாகிவிட்டார். தங்கமான மனிதர். யார் வந்தாலும் உட்காரச் சொல்லுவார்.

"வாங்க அம்மிணி. ஓரமா உக்காருங்க. நடுவுல கொஞ்சம் தொத்தலா இருக்குது."

கோகிலவாணி உட்கார்ந்தாள்.

"எனக்கு மொதல்ல முழங்கால்தான் மரத்துச்சுங்க" என்றார் பொன்னுசாமி. "உங்களுக்கு எப்படி?"

அவள் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். டொக் என்றது.

"ஆரம்பிச்சிருச்சுங்களா? வேம்பா, தேக்கா?"

"தெரியலீங்கண்ணா."

"தேக்குன்னா நல்லது. கரையான் புடிக்காது. ஒன்னு சொல்றனுங்க. தப்பா நெனைக்காதீங்க. பையன் தும்மல நான் காப்பாத்திக்கிட்டு இருக்கறதா நெனச்சேன். இப்பப் பாத்தா நான் போயிறக்கூடாதுன்னு அவன் தும்மிக்கிட்டு இருக்கறான். அவனுக்கு மூக்கெல்லாம் புண்ணா இருக்குமுங்க."

கோகிலவாணி சோற்றை மூடி வைத்துவிட்டாள். அன்றைக்கு அறைக்குப் போய் பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒன்றுமே கேட்கவில்லை. இருமல் இருமிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வெள்ளிங்கிரி ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். கையில் ஒற்றை ஓடு. ஓட்டின் மேல் பல்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ தெனமும் அண்ணாந்து பாக்கறத நானும் பாக்கறேன்ல." ஓட்டை அவள் மடியில் வைத்தான். "ஆடுது. நான் புடுங்க மாட்டேன். நீதான் பெத்தவ."

அவள் அவனை வாயில் வந்தபடி திட்டினாள். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். திட்டி முடித்ததும் அவள் ரெண்டு விரலால் பல்லைத் தொட்டாள். அது சட்டென்று கையோடு வந்துவிட்டது. ஓட்டில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. முந்தானையால் ஓட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெள்ளிங்கிரியும் கூட வந்தான். அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த நீள வராந்தாவை நடந்தாள். பல் அவள் கைக்குள் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்திருந்தாள்.

அறையில் டாக்டர் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று ஸ்டீல் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் பிலோமினா திரையை ஒதுக்கினாள்.

கோகிலவாணி பாட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"கண்ணு, அப்பாவும் வந்திருக்கறாங்க."

ஒரு இருமல்.

வெள்ளிங்கிரி காதைப் பொத்தவில்லை. பொத்தாமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"கண்ணு" என்றாள். மறுபடி சொன்னாள். "கண்ணு, இருமறப்ப வலிக்குதா சாமி?"

ஒரு இருமல் வந்தது.

அவ்வளவுதான். அவளுக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. இத்தனை காலமும் வலித்திருக்கிறது. துளசித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் வலியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தூ, நானும் ஒரு தாயா என்று நினைத்தாள். இன்னும் ஒரு நொடிகூட அந்தப் பிள்ளை இருமக்கூடாது. கையை விரித்தாள்.

டிங்.

இருமல் நின்றது.

டாக்டர் பல்லை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பல்லுங்க" என்றார். "ஒரு சொத்தை இல்ல, கீறல் இல்ல. சளிக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"இதக் கண்டுபுடிக்கவா இத்தன நாளா?" என்றான் வெள்ளிங்கிரி.

"ஆமாங்க. ரொம்ப நன்றிங்க."

சொல்லும்போதே அவருடைய முன்பல் விழுந்தது. அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினார். அவரைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. தானே நடந்து போனார்.

அவர்கள் வெளியே வந்தபோது வராந்தா இருந்த இடம் தெரியவில்லை. அறையைத் தாண்டினால் வாசல். கோகிலவாணியின் முழங்கால் சாதாரணமாக மடங்கியது. பொன்னுசாமி வாசலை ஒட்டிக் கிடந்தார். "நல்லபடியா முடிஞ்சுதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். உள்ளே அவர் பையன் தும்மினான். அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அக்கா! அக்கா, நில்லுங்க!"

சிஸ்டர் பிலோமினா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இது உங்களுதுக்கா. வீட்டுக்குக் கொடுத்துரணும்."

"காலி பாட்டில வெச்சு நான் என்ன பண்ண?"

"காலி இல்லக்கா." அவள் தரையைப் பார்த்தாள். "பாப்பா ரெண்டாவதா இருமறதுக்கு மூச்சு இழுத்துச்சு. அதுக்குள்ள நீங்க பல்லைப் போட்டுட்டீங்க. இழுத்த மூச்சு உள்ளயேதான் இருக்கு."

கோகிலவாணி பாட்டிலை வாங்கிக்கொண்டாள். லேசாகச் சுட்டது. வெள்ளிங்கிரி அவள் முகத்தைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. எத்தனை தடவை அதட்டு வாங்கியிருக்கிறான். அவன் சொல்லவில்லை. பஸ் வருகிறது என்று மட்டும் சொன்னான்.

பஸ்ஸில் அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளத்தில் பஸ் இறங்கியபோதெல்லாம் மூடியின் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்கள். ஓடு எடுத்த இடத்தின் வழியாக வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் மட்டும் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது.

வெள்ளிங்கிரி குனிந்து அந்த ஆவியைப் பார்த்தான்.

"தெறந்தாத் தெரிஞ்சுரும். வலிச்சுதா இல்லையான்னு."

"ம்."

"ஒன்னே ஒன்னுதான் பாக்கி. வந்துருச்சுன்னா அவளும் போயிருவா."

"ம்."

அவன் கையை நீட்டி நீல மூடியைப் பிடித்தான். கோகிலவாணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சித்தெ பொறுங்க" என்றாள். "அவ இன்னும் முடிக்கல."

பிறகு மூடியை இன்னொரு சுற்றுத் திருகி இறுக்கினாள்.