நாற்பத்தோர் அங்குலம்

என் மார்பு நாற்பத்தோர் அங்குலம். எங்கள் சங்கத்தின் வாட்டர் போலோ குழுவில் கோல் கீப்பர் இடம் எனக்குக் கிடைத்தது அந்த அளவினால்தான். நீந்திக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை.

சங்கக் காரியதரிசி பிச்சைமுத்துவும் என்னைப் போலக் கிராணிதான், ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. வேலைக்கு வரும் ஆட்களின் மார்பை நாடாவால் அளந்து தகுதி, தகுதியில்லை என்று எழுதுவது பதினெட்டு வருடமாக அவர் உத்தியோகம். ஏழு ஆட்டக்காரர்களையும் அதே நாடாவால்தான் பொறுக்கினார். துறைமுகத்தில் சாம்பான் படகு ஓட்டும் சீனி முகம்மதுவும் அன்று வரிசையில் வந்து நின்றார். நாற்பது வயது, கட்டைக் கால்கள், கைலி முடிச்சின் மேல் சரிந்த தொந்தி. பிச்சைமுத்து அவர் மார்பை அளந்தார். பிறகு, தேவையில்லாமல், வயிற்றையும் அளந்தார். வயிறுதான் அதிகம். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். தூரம் போகும் பந்தை எடுத்துவர அவருடைய சாம்பானை மட்டும் அமர்த்திக்கொண்டோம்.

நான்கு மாதம் நான் சோற்றைத் தொடவில்லை. காலையில் ஆறு பச்சை முட்டை, மாலையில் அரைவேக்காட்டு ஈரல். இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்த புத்தகத்தில் சொன்னபடி கண்ணாடி முன் நின்று இரும்புக் குண்டு தூக்கினேன். அதில் கால்களுக்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. என் கண்ணாடியில் இடுப்புக்குக் கீழே தெரியாது. அந்த அத்தியாயத்தை நான் படிக்கவில்லை.

தண்ணீர்ப் பயிற்சி தஞ்சோங் தோக்கோங் பாகாரில். சுறா நுழையாதபடி கடலுக்குள் நிபோங் பனையின் கம்புகளை நெருக்கி நட்டு அடைத்த இடம் அது. பிச்சைமுத்துவுக்கு ஆழம் என்றால் பயம். கடல் வற்றியிருக்கும் மாலைகளாகப் பார்த்தே பயிற்சி வைப்பார். கோல் கீப்பர் மட்டும் தரையில் காலூன்றி நிற்கலாம் என்பது அப்போதைய விதி. இடுப்பளவுத் தண்ணீரில் கைகளை விரித்து நிற்பேன். ஒரு பந்தும் தாண்டாது. கோட்டைச் சுவர் என்றார்கள். நானும் நம்பினேன்.

அந்த வருடம் துறைமுகத்துக்கு வந்த ஒரு போர்க்கப்பலின் மாலுமிகள் எங்களோடு ஆட ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அவர்களுக்கு லீவு அப்போதுதான். வியாழக்கிழமை சீனி முகம்மது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கிராணியாரே, அஞ்சு மணிக்குத் தண்ணி ரொம்ப ஏறி நிக்கும்லா. கோல் கம்பே ஒம்பது அடி ஆழத்துல இருக்கும். உங்களுக்கு நெலநீச்சு வருமா?”

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தேன். அவர் என் கால்களை ஒருமுறை பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் இருந்தது. பிச்சைமுத்துவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் இடம் போய்விடும். அந்த இடத்துக்காக எத்தனை முட்டை விழுங்கியிருந்தேன் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

சனிக்கிழமை மாலுமிகள் பாகாரின் பலகை மேடையில் நின்று உடை களைந்தார்கள். சரிந்த தோள், மெத்தென்ற வயிறு, பருத்த தொடை. பிச்சைமுத்து என் காதருகே வந்தார்.

“ஒருத்தனுக்காவது உன் மார்ல பாதி இருக்கா பாரு, தம்பி.”

இல்லைதான். ஆனால் தண்ணீரில் அவர்கள் இடுப்பு வரை எழும்பினார்கள். முதல் பந்து போனபோது நான் கோல் கம்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது போனபோது தண்ணீருக்கடியில் இருந்தேன். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்லித்தான் தெரியும். சீனி முகம்மது சாம்பானிலிருந்து குதித்து என் தலைமுடியைப் பிடித்து மேலே தூக்கியிருக்கிறார்.

மாலுமிகளின் தலைவன் சிரித்துக்கொண்டே, வேண்டுமானால் அந்தப் படகுக்காரரே ஆடட்டும் என்றான். மீதி ஆட்டம் முழுதும் அவர் தண்ணீருக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் மாதிரி, இரண்டு கைகளும் வெளியே தெரிய, அசையாமல் இருந்தார். பந்து வந்தால் மட்டும் எழுந்தார். கப்பலின் கயிறு பிடிக்க நாளெல்லாம் கடலில் கிடப்பவர். நான்காவது கோல் விழவில்லை. மூன்று கோலில் தோற்றது எங்களுக்குப் பெருமையாகவே பேசப்பட்டது.

முடிந்ததும் படம் எடுக்க ஆள் வந்தான். பிச்சைமுத்து என்னை நடுவில் நிற்கச் சொன்னார். சீனி முகம்மது நானா நிற்கட்டும் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் பிச்சைமுத்துவுக்குக் கேட்டது.

“சங்கத்துச் சுவர்ல மாட்டுற படம் தம்பி. அந்த வயித்தையா மாட்டச் சொல்ற?”

சீனி முகம்மது கைலியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நில்லுங்க கிராணியாரே. படகு ஜெட்டியில அக்கரைக்கு, பட்டர்வொர்த் போற ஆள் காத்துக்கிட்டிருக்கான், நான் போறேன்.”

போகாதீர்கள் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சாம்பான் திரும்பும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நடுவில் போய் நின்றேன். பந்தை என் கையில் கொடுத்தார்கள். அன்று மாலை நான் அதைத் தொட்டது அப்போதுதான்.