ஆறு கியரும் இரண்டு விரற்கடையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். வேலூரிலிருந்து ஆரணிக்கு வந்த பஸ்ஸில், ஒரு பெண்மணி கோணியில் சுற்றிய கியர் பாக்ஸைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா இது, பஸ்ஸுக்குள்ள பாதி லாரிய ஏத்திகினு வந்துக்கிறீங்க?" என்றார் கண்டக்டர்.

"கியர் பாக்ஸுங்க. லக்கேஜ் போட்டுக்கோங்க."

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் என் கற்பனை. அந்த அம்மாள் இதைப் படித்தால் மன்னிக்கட்டும். வண்டி ஓடுகிறதா என்று ஒரு வரி எழுதிப் போட்டால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

2

முதல் தொடக்கம்: "பட்டு நகரமாம் ஆரணியின் அதிகாலையில், தறிகளின் இன்னோசைக்கு நடுவே ஓர் எஞ்சின்—"

[அடித்துவிட்டேன். தறிச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருகிறவன் கதையிலும் அதையே கேட்பானா?]

இரண்டாம் தொடக்கம்: "முப்பது வயதான ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரின் மூன்றாவது கியர், சந்தவாசல் ரோட்டில் பல் உடைந்து—"

[இது தேவலை. இதிலேயே ஏறிக்கொள்வோம்.]

உடைந்தபோது ஓட்டிக்கொண்டிருந்தவள் ஹேமலதா. முப்பத்தெட்டு வயது. ஜவுளிக் கடைகளுக்குச் சேலை டிசைன் போட்டுக் கொடுக்கிறவள். அந்தச் சம்பாத்தியத்தில், இரண்டே கதவுள்ள அந்த மஞ்சள் காரை வாங்கியிருந்தாள். அதன் எஞ்சினில் பெரிய டர்போ மாட்டியிருந்தது. எஞ்சின் யானை பலம் கொடுக்க, பழைய ஐந்து கியர் பெட்டி அதைத் தாங்காமல் முனகிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக அவள் ஆக்சிலேட்டரைப் பயந்து பயந்துதான் மிதித்தாள். ஒரே ஒரு தடவை முழுசாக மிதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மிதித்தாள். மடேரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.*

* காரின் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். கார் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்கு மஞ்சள் நிறம் போதும்.

3

இப்போது கணவனைக் கொண்டுவர வேண்டும். பெயர் கோபிநாத். பட்டுத் தறிக்காரர். கார் நிற்கும் கொட்டகையில் இன்னும் இரண்டு தறி போடலாம் என்பது அவர் கணக்கு. ஓடாத கார் அங்கே மூன்று மாதமாக நின்றது. ஹேமலதாவின் நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், "எங்க வீட்ல ஒரு மஞ்சா மாடு கீது. தீனி துண்ணும், பால் கறக்காது" என்றார். பந்தியே சிரித்தது.

ஹேமலதா இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

"வர்ற வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்குள்ள அது ஓடலன்னா, மெட்ராஸ்காரர் வெலைக்குக் கேட்டுகினு இருக்காரே, அவராண்ட நானே சாவியக் குடுத்துடறேன். போதுமா?"

[இந்த இடத்தில் அவளை அழ வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. எழுந்து போய், ஆறு கியர் பெட்டி எங்கே கிடைக்கும் என்று போனில் தேட ஆரம்பித்துவிட்டாள்.]

4

பெட்டி வந்தது. தேவிகாபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் தருமன் வந்தார். ஐம்பது வயது, டிராக்டர் மெக்கானிக். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, "டிராக்டருக்குக் கோவம் வந்தா இப்டிதான் இருக்கும். பண்ணிடலாம் மேடம்" என்றார். அன்றே அவர் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆறு கியர் பெட்டி பழையதைவிட நீளம். ஆகவே, அதிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் குறைத்து வெட்டி, பற்றவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தருமன் காருக்கு அடியில் படுத்துப் பெட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஹேமலதா போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். டீ கொண்டுவந்த கோபிநாத் வசமாக மாட்டினார்.

"சார், ஜல்தியா பெட்டிலேர்ந்து பின்னாடி ஷாஃப்ட் மாட்ற எடம் வரைக்கும் அந்த டேப்பப் போட்டு நீளம் பாத்துச் சொல்லுங்க. கை வலிக்குது."

கோபிநாத் அளந்தார். சொன்னார். தருமன் வெளியே வந்து சுவரில் எழுதிக்கொண்டார். புதன்கிழமை லேத் பட்டறையில் வெட்டி ஒட்டினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் மாட்டிப் பார்த்தால், ஷாஃப்ட் உள்ளே போகவில்லை. இரண்டு விரற்கடை நீளம் அதிகம்.

5

கோபிநாத்தை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. முதல் படியில் அவரை வில்லனாக எழுதினேன்: "ஒரு குறும்புச் சிரிப்போடு, வேண்டுமென்றே தப்பளவைச் சொன்ன கோபிநாத்—" [டீ கொண்டுவந்த மனுஷனை இப்படியா எழுதுவது?] இரண்டாம் படியில் அசடாக்கினேன். இருபது வருஷம் பட்டு அளந்தவர் எப்படி அசடாவார்? அதையும் கிழித்தேன்.

ஹேமலதாவுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

"வேணும்னே பண்ணீங்க! ரெண்டு தறி போடறதுக்கோசரம் என் வண்டியக் கெடுத்துட்டீங்க!"

"அய்ய, சத்தியமா இல்ல ஹேமா. சரியாதான் அளந்தேன்."

"எங்க, எப்டி அளந்தீங்கன்னு காட்டுங்க!"

அவர் குந்திக்கொண்டு டேப்பை இழுத்தார். ஷாஃப்ட் மாட்டும் இடம் வந்ததும் கை நிற்கவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகவே அந்த இடத்துக்கு அப்பால் படுத்துக்கொண்டன. அதற்கும் அந்தப் பக்கம் இருந்த எண்ணை வாசித்தார்.

"அந்த ரெண்டு வெரல் எதுக்கு சார்?" என்றார் தருமன்.

"அறுத்து எறக்கினா சுருங்குமே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும் சேலை, அறுத்து இறக்கியதும் கொஞ்சம் சுருங்கும். அதற்காக அளவுக்கு மேல் விட்டு அளந்து பழகிய கை அது. கை மட்டும் தனியாக வேலைக்குப் போய்விட்டது.

"இரும்பு எங்க சார் சுருங்கும்!"

"நடிக்கிறார்ணா" என்றாள் ஹேமலதா. கார் போவதைவிட, பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவர் இப்படிச் செய்துவிட்டாரே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தருமன் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன் மேடம், கேளுங்க. கெடுக்கணும்னு நெனச்சவன் கொறச்சுதான சொல்லியிருப்பான்? கொறஞ்சா ஷாஃப்ட் குப்பைக்குத்தான் போவும். கூட இருந்தா இன்னொரு வாட்டி வெட்டிக்கலாம். சார் உங்க வண்டியக் காப்பாத்திதான் வெச்சிருக்காரு, அவருக்கே தெரியாம."

ஹேமலதா கணவனைப் பார்த்தாள். அவர் இன்னும் அந்த இரண்டு விரலையும் நீட்டியபடியே குந்தியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

6

முடிவுகள்.

(அ) ஷாஃப்ட் பொருந்துகிறது. வெள்ளிக்கிழமை மெட்ராஸ்காரர் வந்து பார்த்து, வெறுங்கையோடு திரும்புகிறார். [நல்ல முடிவு. ஆனால் அவர் முகத்தை விவரிக்க எனக்குச் சோம்பல்.]

(ஆ) தறி இரண்டும் வருகின்றன, கார் வாசலுக்கு நகர்கிறது, எல்லாரும் சமாதானம்— [பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி இருக்கிறது.]

முதல் முடிவையே வைத்துக்கொண்டு, என் மனைவி சூர்யகலாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே படித்து முடித்தாள்.

"நல்லாதான் கீது. ரெண்டாவது வாட்டி அளந்தது யாருங்க?"

"யாரோ அளந்தாங்க. அது இப்ப முக்கியமா?"

"அதாங்க முக்கியம்" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நான் எழுதவே இல்லை.

7

ஆகவே எழுதுகிறேன். வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. ஆறு மணிக்கு லேத் பட்டறை மூடிவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு வெட்டுதான். இந்தத் தடவை குறைந்தால் சரிசெய்ய வழியில்லை, சாவி மெட்ராஸ்காரருக்கு.

கோபிநாத்தின் மனசைப் பற்றி ஹேமலதாவுக்கு இப்போது சந்தேகம் இல்லை. கையைப் பற்றி இருக்கிறது. அந்த விரல்கள் மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளலாம். அல்லது அதற்குப் பயந்து அவர் குறைத்தும் சொல்லிவிடலாம். தருமன் அளந்தால் வம்பே இல்லை. அவர் சும்மாதான் நிற்கிறார். கோபிநாத் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நிற்கிறார். கேட்கவும் மாட்டார், நகரவும் மாட்டார்.

வண்டி ஓடும். யார் அளந்தாலும் ஓடும், அதற்கு நான் பொறுப்பு. இவ்வளவு தூரம் வந்தவளைக் கைவிட எனக்கு மனசு வராது. நாளைக் காலை சந்தவாசல் ரோட்டில் அவள் முழுசாக மிதிப்பாள், ஆறாவது கியர் வரைக்கும் போவாள். ஆனால் அப்போது பக்கத்துச் சீட்டில் இருக்கும் மனுஷன் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பது இந்த நாலு மணியில்தான் இருக்கிறது. அதை முடிவுகட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஹேமலதா டேப்பை எடுத்து நீட்டுகிறாள்.

"இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? புடிங்க."

யாரிடம் நீட்டினாள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஆளை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.