சீமைச் சுண்ணாம்பு

ஸ்ரீவராகத்தில் பட்டாபி வீட்டுக் கொட்டிலில் தாயில்லாக் கன்று ஒன்று நின்றது. நின்றது என்பதுகூட உபசார வார்த்தைதான். கால் வளைந்துபோய், எழுப்பி நிறுத்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பிள்ளையில்லாத அவன் மனைவி விஜயம் மூங்கில் குழாயில் பால் புகட்டி அதை ஐந்து மாதம் ஆக்கியிருந்தாள். அது போய்விட்டால் இவள் தாங்குவாளா என்று பட்டாபிக்கு உள்ளூர நடுக்கம்.

மாட்டு டாக்டர் வேலாயுதன், நாஞ்சில் நாட்டுக்காரர், ஒரு பொட்டலம் கொடுத்தார்.

"எலும்புப்பொடி சாமி. கஞ்சில கலந்து குடுங்க. வளருத கன்னுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேணும், பாஸ்பரசும் வேணும். இதுல ரெண்டும் உண்டு. வெறும் சுண்ணாம்பு கூடிப்போனா மத்ததை ஒடம்புல ஒட்ட விடாது, பாத்துக்கிடுங்க."

விஜயம் தயங்கவில்லை. "பாவம் என்னோட போகட்டும். உயிர் பிழைச்சாப் போறும், குடுங்கோ" என்றாள்.

பட்டாபியால் முடியவில்லை. கோயிலில் சந்தனம் அரைக்கிற கை எலும்பைத் தொடுவதா? பசுவின் வாயில் செத்த மாட்டின் எலும்பா? சிவ சிவா! அவளுக்குத் தெரியாமல் பொட்டலத்தைத் தென்னை மூட்டில் புதைத்துவிட்டு, சாலைக் கடையில் சீமைச் சுண்ணாம்புக் கட்டி வாங்கி இடித்துக் கலந்தான். அதுவும் சுண்ணாம்புச் சத்துதானே என்று தானே வைத்தியரானான்.

ஒரு மாதத்தில் கன்று மண்ணை நக்க ஆரம்பித்தது. காக்கை போட்ட எலும்புத் துண்டை ஒருநாள் ஆவலாய்க் கடித்தது. பட்டாபி பதறிப் பிடுங்கி எறிந்தான். வாயில்லா ஜீவன் தனக்கு வேண்டியதைக் கேட்டது. அவனுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

டாக்டர் வந்து பார்த்து முகம் சுளித்தார். "பொடியை முறையாக் குடுக்கியளா?"

"குடுத்துண்டுதான் இருக்கேன்" என்றான் பட்டாபி.

"அப்போ காணாது. ரெட்டிப்பாக் குடுங்க."

பட்டாபியும் ரெட்டிப்பாகவே கொடுத்தான், சீமைச் சுண்ணாம்பை.

ஆவணியில் கன்று எழ முயன்று முன்னங்கால் ஒடிந்து விழுந்தது. மறுநாள் காலை செத்தது. விஜயம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

செய்தி கேட்டு வந்த டாக்டர் தலை குனிந்து நின்றார். "எம் மருந்துதான் தப்பும்மா. பால்காரன் தங்கப்பனுக்க கன்னுக்கும் நேத்து இதையேதான் குடுத்தனுப்பினேன். இப்பவே போய்த் திருப்பி வாங்கணும்."

பட்டாபி உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தான்.

விஜயம் ஈரக் கண்ணோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன பண்ணுவேள்? மனசைக் கல்லாக்கிண்டு அவர் சொன்னதைத்தானே குடுத்தேள்" என்றாள்.

திறந்த வாயைப் பட்டாபி மூடிக்கொண்டான். டாக்டர் சைக்கிளைத் தங்கப்பன் வீட்டுப் பக்கம் திருப்பினார்.