எங்களுக்கு முன்னால் போன மஞ்சள் பை

ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறேன், மஞ்சள் துணிப்பைக்குள், பக்கத்தில் என் மனைவி தையல்நாயகி, அவளும் தொங்குகிறாள், இருவருக்கும் நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கும் ஒரு பிடி பச்சரிசியும், ஏசி காற்றுக்குப் பை லேசாக ஆட, ஆடும்போதெல்லாம் அவளுடைய பாஸ்போர்ட் வந்து என்னுடையதன் மேல் இடிக்கிறது, கல்யாணமான புதிதில் மாயவரம் டவுன் பஸ்ஸில் இடித்த மாதிரியே, ஒன்றும் தெரியாத முகத்தோடு. உடம்பு என்று பார்த்தால் நான் எங்கள் ஃபிளாட்டில் என் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன், ஷார்ஜாவில், ரோலாவில், ஆறாவது மாடியில், ஆனால் அது கணக்கில் வராது, முறைப்படி நான் ஐரோப்பாவுக்குக் கிளம்பியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரத்தில், லிஃப்டில்கூட ஏறாமல், எங்கள் வாசலிலிருந்து எதிர்வாசல் வரைக்கும். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர், கிளம்ப வேண்டிய நாளில் நேரம் சரியில்லை என்றால் முன்னாலேயே நல்ல நேரம் பார்த்து நம்முடைய பொருள் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும், வைத்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டது, அதற்குப் பிறகு ராகு காலத்தில் கிளம்பினாலும் ராகுவுக்கு நம்மைத் தெரியாது, யாரோ வீதியில் போகிறான் என்று விட்டுவிடுவான்.

எங்கள் ஊரில் வேட்டி வைப்பார்கள், துண்டு வைப்பார்கள், தையல்நாயகிதான் யோசித்தாள், யோசிக்கிறபோது அவள் இடது புருவம் தூக்கும், தூக்கினால் வீட்டில் ஏதாவது இடம் மாறும், அவள் சொன்னாள், விசாவுக்குப் போவது வேட்டியா பாஸ்போர்ட்டா, பாஸ்போர்ட்தானே, அப்ப அதைத்தான் வைக்கணும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, அதுதான் எங்கள் இருவருக்கும் உள்ள கோளாறு, ஒருத்தர் தப்பாக யோசித்தால் இன்னொருவர் தடுப்பதில்லை, கூடமாட உதவி செய்கிறோம், பாஸ்போர்ட்டோடு சம்பளச் சான்றிதழ், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ, ஓட்டல் புக்கிங், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் நானே அடுக்கிக் கொடுத்தேன். எதிர் ஃபிளாட் செய்யது மீராள், காயல்பட்டினத்துப் பெண், அவள் புருஷன் புகாரி மொபைல் கடையில் இருக்கிறான், பையை வாங்கி ஹாலில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டாள், அண்ணாச்சி, இதை நான் என்ன செய்யணும், ஓதணுமா. ஒன்றும் வேண்டாம்மா, கண்ணை விட்டு அகல விடாதே, அது போதும் என்றாள் தையல்நாயகி. அந்த ஒரு வார்த்தையை அந்தப் பெண் எவ்வளவு பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

இவ்வளவு பாடு எதற்கென்றால் எங்களுக்கு விசா மையத்தில் கொடுத்திருந்தது திங்கட்கிழமை காலை, ஒன்பதரை மணி, இடம் துபாய், ஷார்ஜாவிலிருந்து துபாய் போகிற ரோட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்த ரோட்டில் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு கிளம்பிய ஒருவன் தாடியோடு போய்ச் சேர்ந்து, அடையாள அட்டையில் இருப்பது அவன்தான் என்று செக்யூரிட்டியிடம் வாதாடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆகவே ஏழரை எட்டுக்குள் கிளம்பியாக வேண்டும், திங்கட்கிழமை ராகு காலமோ சரியாக அந்த நேரத்தில் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தேதியை மாற்றலாம் என்றால் முடியாது, கம்பெனியில் எனக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, போதும் ஐயா என்று சொல்லிவிட்டார்கள், சில மாதத்தில் ரெசிடென்ஸ் முடிகிறது, ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய பிறகும் இந்த நாட்டில் இருக்க மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விசா கொடுக்கிறவர்கள் சட்டம், இந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதி வருவதற்குள் எங்கள் மூன்று மாதம் கரைந்துவிடும், அப்புறம் ஊருக்குப் போய், வேலை இல்லாத கிழவனும் கிழவியும் மாயவரத்திலிருந்து சுவிட்சர்லாந்து பார்க்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் தூதரகத்தில் படித்துச் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இது ஒன்றுதான் எங்களுக்கு இருக்கிற கதவு.

கேட்டது அவள், கேக்கை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள், ஒரே ஒரு தடவை பனியில நிக்கணும். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது ஒரு மிக்சி, ஒரு கருகுமணி, அப்புறம் இது. நான் சிரித்தேன், பனிதானே, அதற்குள்தானே முப்பது வருஷமாகச் சம்பளம் வாங்கினேன் என்றேன், நான் வேலை பார்த்தது கோல்டு ஸ்டோரேஜில், மீனும் கோழியும் அடுக்குகிற கிடங்கு, உள்ளே மைனஸ் இருபத்தைந்து, வெளியே வெயில் ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், ஆகஸ்ட் மாதத்தில் நான் கம்பளிக் கோட்டோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் என்னிடமிருந்து ஆவி கிளம்பும், கிளம்பி மேலே போய் ஒரு சின்ன மேகமாகி என் கூடவே பஸ் ஸ்டாப் வரை வரும், அதன் நிழலுக்காகவே நாலைந்து பெஷாவர்க்காரர்கள் தினமும் என்னை எதிர்பார்த்து நின்றார்கள், ஒருநாள் தூறியதும் உண்டு. ஒரு ஈ, மீன் பெட்டியோடு உள்ளே போய் உறைந்துவிட்டது, நான் சட்டைப்பையில் போட்டு வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் எழுந்து, இறக்கையை உதறி, முகம் கழுவிக்கொண்டு, நேரே மலபார் ஓட்டலுக்குப் பறந்து போயிற்று, தான் வழக்கமாக உட்காரும் மேஜைக்கு. இதையெல்லாம் தையல்நாயகியிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொண்டே கீரை ஆய்வாள், காம்பு வேறு இலை வேறாகப் பிரித்துப் போடுவாள், எதை எங்கே போட்டாள் என்று எனக்குத் தெரிந்ததில்லை. கிடங்குக்குள் வெளியாட்கள் வரக் கூடாது, ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை. பனி ஆசை சினிமாவிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன், சேலையோடு பனியில் ஓடுகிறார்களே, அதிலிருந்து, நான் தொப்பி போட்டுக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருக்குமோ என்று என் முழங்காலிடம் ரகசியமாகக் கேட்டும் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடிந்தது, விடிந்தது என்று சொல்வதா, நாங்கள் இரண்டு பேரும் அதை இழுத்துக்கொண்டு வந்தோம், அவள் பட்டுப்புடவை, நான் பழைய டை, பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகிற நாள் மாதிரி முன்கூட்டியே தயார், ராகு காலம் தொடங்கியதும் வீரமாகக் கதவைத் திறந்துகொண்டு போய் எதிர்வாசல் மணியை அடித்தோம், யாரும் வரவில்லை, மறுபடி அடித்தோம், பூட்டு, வெளிப்பூட்டு, பித்தளை, அதுவும் என்னைத்தான் பார்த்தது. மீராளுக்கு போன் போட்டேன், மணி என் காதிலும் அடிக்கிறது, கதவுக்கு உள்ளேயும் அடிக்கிறது, போனை வைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறாள். தையல்நாயகி கதவில் காதை வைத்துக் கேட்டாள், நம்ம பைக்குப் பக்கத்துலதான் அடிக்குது என்றாள், ஆணியில் தொங்கிக்கொண்டு நான் கேட்கிறேன், என் போன் என்னைக் கூப்பிடுகிறது, எடுக்கக் கை இல்லை. கீழே வாட்ச்மேன் குஞ்ஞாலி சொன்னான், அவர்கள் விடியற்காலைப் பாங்கு சொல்கிற நேரத்திலேயே காரில் போய்விட்டார்களாம், அந்தப் பெண்ணின் தங்கைக்கு வலி வந்துவிட்டதாம், எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாதாம். புகாரிக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் அரபியில் சொன்னாள், அதையே இங்கிலீஷிலும் சொன்னாள், இரண்டு பாஷையிலும் அவளுக்கு வருத்தம் இல்லை. பூட்டை உடைக்கலாமா என்று நான் பார்க்கிறேன், சின்னப் பூட்டுதான், தையல்நாயகி என் கையைப் பிடித்துக்கொண்டாள், வேண்டாங்க, ராகு காலத்துல உடைச்சா அதுவே தொடர்ந்து உடைச்சுக்கிட்டு இருக்கும், நான்தானே வைக்கச் சொன்னேன் என்றாள், பட்டுப்புடவையோடு ஆறாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள், புருவம் இரண்டும் கீழே இருந்தது. நான் ஏதாவது கதை சொல்லியிருக்க வேண்டும், என்னிடம் எப்போதும் ஒன்று இருக்கும், அன்றைக்கு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து டையைத் தளர்த்திக்கொண்டேன்.

அப்போதுதான் புகாரி எண்ணிலிருந்து அழைப்பு, எடுத்தால் மீராள், மூச்சு வாங்குகிறது, அண்ணாச்சி எங்க இருக்கீங்க, இன்னும் கிளம்பலையா, இங்க வரிசை நிறைய இருக்கு. எந்த வரிசை என்றேன். விசா ஆபீஸ்லதான் அண்ணாச்சி, பை என் மடியிலதான் இருக்கு. தங்கையை வண்டியில் ஏற்றும்போது ஒரு கையில் தங்கை, இன்னொரு கையில் எங்கள் பை, கண்ணை விட்டு அகல விடாதே என்று அக்கா சொன்னார்களே என்று சொந்தப் போனை மறந்தாலும் எங்கள் பையை மறக்கவில்லை, ஆஸ்பத்திரி துபாயில், விடியும்போதே பெண் குழந்தை பிறந்துவிட்டது, பிரசவ வார்டு வாசலில் பை மடியிலேயே இருந்ததாம், பை கொடுக்கும்போது நாங்கள் சொன்ன விசா மையம் நாலு கட்டடம் தள்ளித்தான் என்று ஞாபகம் வந்து, நீங்கள் ரோட்டில் மாட்டிக்கொள்வீர்களே, நான் போய் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். தையல்நாயகி படிக்கட்டிலிருந்து எழுந்தாள், இடது புருவம் மேலே போயிற்று, ஷார்ஜா கட்டடத்தின் கூரையைத் தாண்டிப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும், பார்த்தீங்களா என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், பயணம் நிஜமாகவே எங்களை விட்டுவிட்டுத் தானாகக் கிளம்பிப் போய் டிராஃபிக்கைத் தாண்டி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, பின்தங்கிவிட்டது நாங்கள்தான்.

டாக்ஸியில் பதான் டிரைவரிடம் என் இந்தியில் சொன்னேன், நாங்கள் ஏற்கெனவே துபாயில் இருக்கிறோம், எங்களை எங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, அவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் ஓட்டினார், பெரிய மனிதர், மீராள் நடுநடுவே போன் போடுகிறாள், உங்களுக்கு முன்னால இன்னும் அஞ்சு பேர் அண்ணாச்சி, மூணு பேர் அண்ணாச்சி, செக்யூரிட்டி என்னையே தையல்நாயகின்னு கூப்பிடுறாரு நான் தலையாட்டிட்டேன் அண்ணாச்சி, ஒவ்வொரு அழைப்புக்கும் தையல்நாயகி முன் சீட்டைப் பிடித்துத் தள்ளுகிறாள், தள்ளினால் கார் வேகமாகப் போகும் என்கிற மாதிரி, போகவும் செய்தது, நான் சாட்சி. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நாங்கள் நுழைந்தபோது மீராள் எழுந்து நின்று இரண்டு கையாலும் பையைத் தூக்கிக் காட்டினாள், தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டவள் போல, எங்கள் எண் அந்த நிமிஷம்தான் போர்டில் எரிந்தது.

கவுண்டரில் ஷிம்னா என்று ஒரு பெண், பாலக்காட்டுப் பெண், தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள், பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள், காகிதங்களை எடுத்தாள், மஞ்சள் கிழங்கை எடுத்தாள், அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, லிஸ்டில் இது இல்லையே என்றாள், எங்கள் லிஸ்டில் உண்டு என்றேன், சிரித்துத் திரும்ப உள்ளே வைத்தாள், அரிசியைச் சிந்தாமல். எல்லாம் சரியாக இருக்கிறது, முத்திரை குத்துகிறாள், குத்திக்கொண்டே சும்மா கேட்டாள், அம்மா, இந்த வயசுல சுவிட்சர்லாந்து எதுக்கு, பனி காணவா. நான் வாயைத் திறந்தேன், எனக்குள் ஒரு பதில் தயாராக இருந்தது, மலை, ஏரி, கடிகாரம், ஒரு தாத்தா என்னை ஜூரிச்சுக்கு அழைத்த கதைகூட இருந்தது, தையல்நாயகி முந்திக்கொண்டாள். இவரு தினமும் வேலை விட்டு வரும்போது காது ரெண்டும் ஜில்லுனு இருக்கும்மா, ராத்திரி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சூடு வராது, முப்பது வருஷம், அங்க எப்படி இருந்துச்சுன்னு கேட்டா மேகம்பாரு ஈம்பாரு, அது எப்படித்தான் இருந்துச்சுன்னு நான் ஒரு தடவை நின்னு பார்க்கணும். ஷிம்னா முத்திரையைக் கையிலேயே வைத்திருந்தாள். மீராள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன், அது சூடாக இருந்தது, அவ்வளவு சூடு அதற்கு முன்னால் அதற்கு வந்ததில்லை.

பிறகு பாஸ்போர்ட் வந்தது, உறை பிரித்தால் உள்பக்கத்தில் விசா ஒட்டியிருக்கிறது, தையல்நாயகி அதைத் தடவிப் பார்க்கிறாள், பச்சைப் பிள்ளையைத் தடவுவது போல, மீராள் தங்கையின் பிள்ளையையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், பையிலிருந்த பிடி அரிசியை அதன் தொட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தோம், அதற்கு எங்கே போக வேண்டியிருக்கிறதோ. பிறகு விமானம், பிறகு ரயில், எது முன்னால் எது பின்னால் என்று எனக்கு இப்போது சரியாகத் தெரியவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிய அந்தக் கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் நடந்துவிட்டதோ என்றும் சில சமயம் தோன்றுகிறது, ஆனால் கால் நனைந்திருக்கிறது, அதனால் நடந்ததுதான், மலை உச்சியில் ரயில் நிற்கிறது, நாங்கள் இறங்கி நிற்கிறோம், எல்லாம் வெள்ளை, தையல்நாயகி என் கிடங்குக் கோட்டைப் போட்டிருக்கிறாள், முதுகில் கம்பெனி பெயரும் ஒரு உறைந்த மீன் படமும், புடவை கொசுவத்துக்குக் கீழே கம்பெனி பூட்ஸ், ஓடவில்லை, பாடவில்லை, அசையாமல் நிற்கிறாள், மூச்சு வெள்ளையாகப் போகிறது, நெடுநேரம் நின்றாள், பிறகு திரும்பாமலே கேட்டாள், இப்படியா இருந்துச்சு. இப்படித்தான், கதவு மூடியிருக்கும் என்றேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு என் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், ஜில்லென்று அவள் உள்ளங்கை, ஈ கதை மட்டும் நிஜம்தானே என்றாள், காது அடைத்திருந்ததால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவள் தோளுக்கு மேலே ரயில் ஜன்னல் தெரிகிறது, எங்கள் சீட்டுக்கு மேல் கொக்கியில் மஞ்சள் பை தொங்குகிறது, லேசாக ஆடுகிறது, எதன் மேலும் இடிக்காமல், உள்ளே யாரும் இல்லை, இரண்டு பேரும் வெளியே வந்து நிற்கிறார்கள்.