காலில் கட்டிய மஞ்சள் பட்டி

மாதா கோயில் மண்டபத்தில் டொக்டர் அமண்டா எல்லோருக்கும் புரியும்படி விளக்கினார். விபத்தில் இரத்தம் கொட்டி மயங்கிக் கிடப்பவருக்கு அம்புலன்ஸிலேயே செயற்கை இரத்தம் ஏற்றிப் பார்க்கும் ஆய்வு தொடங்கப்போகிறது. அந்த நேரத்தில் சம்மதம் கேட்க முடியாது. ஆகவே, விருப்பமில்லாதவர்கள் இப்போதே மஞ்சள் பட்டியொன்றைக் கையில் கட்டிக்கொள்ளலாம்.

முதலில் எழுந்தவர் வாவியில் வீச்சுவலை வீசும் அன்ரோ அண்ணன். வருடந்தோறும் தவறாமல் இரத்ததானம் செய்கிறவர்.

“நல்ல மருந்தாத்தான் இருக்கும் டொக்டர். ஆனா என்னட்டக் கேக்காம எனக்கு ஒண்டும் ஏத்த வேணா.”

“சரி, கையை நீட்டுங்க.”

“கையில ஏலா. ஒரு கையில வலைக்கயிறு. மத்தக் கையில கட்டினா வலைக்கண்ணில மாட்டும். கழட்டி வெச்சிட்டுப் போன அண்டைக்கு நான் அடிபட்டுக் கிடந்தா? கால்ல கட்டுங்க.”

“காலை ஆரு அண்ணன் பாக்கிற?” என்று கேட்டேன். அம்புலன்ஸ் உதவியாளன் நான்.

“நீதான் பிரட்லி. பாக்காட்டி, செத்து மறுகா பேயா வருவன்.”

மண்டபமே சிரித்தது. டொக்டர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். இரு கைகளையும் இரு கால்களையும் பார்த்த பிறகே ஏற்றவேண்டும் என்ற விதி அடுத்த வாரமே எங்களுக்கு வந்தது. அண்ணன் எழுந்து நின்று கேட்டிராவிட்டால் அது வந்திராது.

இதுவரை ஒன்பது பேரை அம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொருவரின் காலையும் பார்த்தேன். பாலத்தடியில் எதிர்ப்பட்டால் அண்ணன் சைக்கிளை நிறுத்தி, உடுத்திருக்கும் சாரத்தைச் சற்று உயர்த்துவார்.

“கிடக்கு தம்பி.”

நானும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவரைப் போகவிடுவேன்.